பகலில் அளக்கப்பட வேண்டிய இரவு நோய்

நித்திரையின்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கும் மென்னண்ணமும் பின்னோக்கிச் சரிந்து காற்று செல்லும் வழியை அடைத்துவிடுவதால் மூச்சு குறைந்தது 10 விநாடிகளுக்கு நின்றுபோவதும், இரத்தத்தில் ஒட்சிசன் குறைவதை உணரும் மூளை நித்திரையைக் கலைத்து மூச்சை மீட்பதும், மீண்டும் கண் அயர்ந்தவுடன் அதே அடைப்பு நேர்வதுமாக ஓர் இரவில் நூற்றுக்கணக்கான தடவைகள் தொடரக்கூடிய நோயை வைத்தியர்கள் ‘ஸ்லீப் அப்னியா’ என்கிறார்கள். தமிழில் அதனை நித்திரை மூச்சுத்தடை எனலாம். ஒவ்வொரு விழிப்பும் சில விநாடிகளே நீடிப்பதால் காலையில் அவற்றில் ஒன்றேனும் நோயாளியின் நினைவில் நிற்பதில்லை. இரவு முழுவதும் நன்றாக உறங்கியதாகவே அவர் நம்புகிறார். அவர் நேரடியாக அறிவதெல்லாம் மறுநாளின் அலுப்பையும் மறதியையும், உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவதையும், காரணமின்றி வீட்டாரிடம் எரிந்து விழுவதையும் மட்டுமே. அவற்றுக்கும் அவர் சொல்லும் காரணங்கள் வயது, வெயில், வேலைப்பளு, ‘சீனி வருத்தம்’ என்பனவாகவே இருக்கும்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று எனத் தொடரும் அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் இந்த நோயைப் பற்றிப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. இலங்கையில் நீரிழிவின் பரவலை அறிய 2005 - 2006 காலத்தில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகவும், நீரிழிவுக்கு முந்திய நிலையில் உள்ளவர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் பாதிக்கப்பட்டிருப்பதாகவும் கண்டது; ஆனால் போர் நடந்துகொண்டிருந்த காரணத்தால் வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவில்லை. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், வயிற்றுப் பருமன் ஆகியவற்றோடு மிக நெருங்கிய உறவுடைய மூச்சுத்தடை நோயும் இக்கரையோரத்தில் அதே போன்ற இருட்டிலேயே கிடக்கிறது. தென்னாசிய உடலமைப்பில் இது அரிய நோயன்று என்பதை மும்பையில் சரீர் உத்வாடியா குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: 35 முதல் 65 வயது வரையான ஆண்களில் 19.5 விழுக்காட்டினருக்கு நித்திரையில் மூச்சு தடைப்பட்டது. பகல்நேர நித்திரை மயக்கமும் சேர்ந்து நோயாக வெளிப்பட்டவர்கள் 7.5 விழுக்காட்டினர்.

அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே இக்கட்டுரையின் பொருள். முதல் எண் இரவில் கருவி பதிந்தது. இரண்டாவது எண்ணோ, அதே மனிதர் பகலில் எப்படி இயங்குகிறார் என்பதையும் கேட்டறிந்த பின்னர் கிடைத்தது.

இரவில் கிடைக்கும் எண்ணை மூச்சுத்தடைக் குறியீடு எனலாம். ஒரு மணி நேர நித்திரையில் மூச்சு எத்தனை தடவை முற்றாக நின்றது அல்லது பெரிதும் குறைந்தது என்பதன் சராசரி அது. 5 முதல் 15 வரை இலேசான நிலை, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை என வகுத்திருக்கிறார்கள். நோயின் கடுமையை இந்த ஓர் எண்ணே சொல்லிவிடும் என்ற எண்ணம் மருத்துவத்தில் நெடுங்காலம் நிலவியது. எனினும் குறியீடு 40 உள்ள ஒருவர் பகல் முழுவதும் தெளிவோடு கடை நடத்துவதும், 12 மட்டுமே உள்ள இன்னொருவர் மேசையிலேயே தலை சாய்ப்பதும் நித்திரை ஆய்வுகூடங்களில் வழக்கமாகக் காணப்படுபவை. இரவின் எண்ணுக்கும் பகலின் நிலைக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது என்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்ப உறுதிப்படுத்தியிருக்கின்றன. ஆகவே பகலைத் தனியே அளக்கும் கருவிகள் தேவைப்பட்டன.

அவற்றுள் மிகப் பரவலானது மெல்போர்ன் நகரின் எப்வர்த் வைத்தியசாலையில் பணியாற்றிய மரே ஜோன்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வர்த் அளவுகோல். வாசித்துக்கொண்டிருத்தல், தொலைக்காட்சி பார்த்தல், பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருத்தல், பிறர் ஓட்டும் வாகனத்தில் ஒரு மணி நேரம் பயணித்தல், பிற்பகலில் சாய்ந்து ஓய்வெடுத்தல், ஒருவரோடு பேசிக்கொண்டிருத்தல், மது அருந்தாத மதிய உணவுக்குப் பின் அமைதியாக இருத்தல், வீதி நெரிசலில் வாகனத்தோடு சில நிமிடங்கள் நிற்றல் ஆகிய எட்டுச் சூழ்நிலைகளில் கண்ணயரும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி இட்டு, மொத்தம் 24இல் 10ஐத் தாண்டினால் பகல்நேர நித்திரை மயக்கம் மிகை என்று அது கொள்கிறது. ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும். செலவும் ஒரு தாள் மட்டுமே. ஆனால் இது கண்ணயர்வை மட்டும் அளக்கிறது, வாழ்க்கையை அளப்பதில்லை.

வாழ்க்கையை அளக்க முற்பட்டவர் அமெரிக்காவின் தாதியியல் ஆய்வாளர் டெரி வீவர். அவரும் குழுவினரும் 1997இல் வெளியிட்ட ‘நித்திரையின் செயல்விளைவு வினாக்கொத்து’ 30 வினாக்களைக் கொண்டது. வேலைத்திறன், உடலியக்கம், விழிப்புநிலை, சமூக உறவு, தாம்பத்திய நெருக்கம் என்னும் ஐந்து பகுதிகளில், களைப்பாலோ நித்திரை மயக்கத்தாலோ ஒரு செயலைச் செய்வது எவ்வளவு கடினமாகிறது என்று அது கேட்கிறது. மொத்தப் புள்ளி 5 முதல் 20 வரை அமையும். உயர்ந்த புள்ளி நல்ல இயக்கத்தைக் குறிக்கும். 2009இல் அதன் பத்து வினாச் சுருக்கமும் வெளிவந்தது. வினாக்கொத்தின் சிறந்த அம்சம், ஒருவர் ஒரு செயலை வேறு காரணத்தால் செய்வதே இல்லையென்றால் அந்த வினா கணக்கில் சேராது என்பதாகும். வாகனம் ஓட்டாத ஒரு பெண்ணை, ஓட்ட முடியாத நோயாளியாக அது கருதிவிடுவதில்லை.

குத்பாவும் வட்டையும் தறியும்

ஒரு வினாக்கொத்தை இன்னொரு நிலத்துக்குக் கொண்டுவருவது மொழிபெயர்ப்பு வேலையோடு முடிவதன்று. முறையான வழியில் இருவர் தனித்தனியே தமிழாக்கி, அதை அறியாத வேறொருவர் மூலமொழிக்கு மீட்டுப் பெயர்த்து, வேறுபாடுகளைக் களைந்து, பின்னர் உள்ளூர் நோயாளிகள் சிலரிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் ஒவ்வொரு வினாவையும் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று விசாரிக்க வேண்டும். கல்முனையில் இந்தக் கடைசிப் படியே முதன்மையானது. மதுவைத் தொடாத ஊரில் மது அருந்தாத மதிய உணவு என்ற நிபந்தனை வீண் சொல்லாகிறது. சில வேளை கேட்பவர் மீது வருத்தத்தையும் உண்டாக்கும். குறுந்தூரப் பயணம், நெடுந்தூரப் பயணம் என்று பிரிப்பதற்கு அமெரிக்க வினாக்கொத்து 100 மைலை, அதாவது சுமார் 160 கிலோமீற்றரை எல்லையாக வைக்கிறது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர்தான். முச்சக்கரவண்டி ஓட்டி நாள் முழுவதும் உழைக்கும் ஒருவருக்கு அந்த எல்லைக்குள்ளேயே வாழ்க்கை முடிந்துவிடுகிறது.

மறுபக்கம், இந்த ஊர்களின் நாள் ஒழுங்கே ஓர் அளவுகோலாகப் பயன்படக்கூடியது. ஐவேளைத் தொழுகை நாளை ஐந்து இடங்களில் நிறுத்தி, ஒருவர் எவ்வளவு விழிப்போடு இருக்கிறார் என்பதை அவருக்கே காட்டுகிறது. சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது தலை பாரமாக இருக்கிறதா, வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் இமாம் குத்பா உரை நிகழ்த்தும் இருபது, முப்பது நிமிடங்கள் கண் திறந்திருக்க முடிகிறதா, ரமழான் இரவுத் தொழுகையான தராவீஹில் நின்றபடியே தள்ளாடுகிறதா என்ற வினாக்களுக்கு இப்பகுதி மக்கள் தயக்கமின்றி விடை சொல்வர். வீவரின் வினாக்கொத்திலும் மதக் கூட்டங்களில் பங்கெடுப்பது பற்றிய வினா இருக்கிறது. இங்கே அதைப் பொதுவாகக் கேட்பதைவிட, ‘குத்பா நடக்கக்குள்ள நித்திரை வருதா?’ என்று கேட்பது கூர்மையானது. இன்னும் நுட்பமான ஒன்றும் உண்டு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, நிலத்தில் உறுதியாக அமர்ந்த நிலையில் கண்ணயர்ந்தால் தொழுகைக்கு முந்திய அங்கசுத்தியான வுழூ முறியாது. சாய்ந்தோ படுத்தோ உறங்கினால் முறிந்துவிடும். பள்ளிவாசலில் காத்திருக்கையில் தம்மையறியாது சாய்ந்து உறங்கி, மீண்டும் வுழூ எடுக்க எழுந்து போக நேர்வதை ஒரு தொழுகையாளி மறப்பதில்லை. கிழமைக்கு எத்தனை தடவை அப்படி நேர்கிறது என்ற வினாவுக்குக் கிடைக்கும் விடை, நெரிசலில் நிற்கும் கார் பற்றிய வினாவுக்குக் கிடைப்பதைவிட நம்பகமானதாக இருக்கும். இத்தகைய வினாக்களைச் சேர்ப்பது மதத்தை மருத்துவத்துக்குள் திணிப்பதாகாது. அளக்கப்படுபவரின் நாளுக்குள்ளிருந்தே அளவை எடுப்பதாகும்.

தொழில்களும் அப்படியே. மருதமுனையின் கைத்தறியில் அமர்பவருக்கு நித்திரை மயக்கம் அறுந்த இழையாகவும் பிசகிய பாவாகவும் வெளிப்படும். எத்தனை முழம் நெய்ய முடிகிறது என்பதே அவரது செயலளவு. சம்மாந்துறை, நிந்தவூர் வயல் வட்டைகளில் வெள்ளாமை செய்பவருக்கு உழவு இயந்திரத்தின் இருக்கையும், சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலை இழுப்பவருக்கு வலைக்கயிற்றைப் பிடித்திருக்கும் கையும், கடைக்காரருக்கு மீதிக் காசு கொடுக்கும் கணக்கும், பாடசாலை ஆசிரியருக்குக் கடைசிப் பாடவேளையும் அதே வேலையைச் செய்யும். ஒருவர் செய்யும் தொழிலில் எந்தக் கணத்தில் கவனம் அறுந்தால் சேதம் நேருமோ அந்தக் கணத்தைப் பற்றியே கேட்க வேண்டும்.

பெண்களைப் பற்றிய பகுதிக்கு மேலும் இடம் தர வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் டெரி யங் குழுவினர் 1993இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, நடுவயது ஆண்களில் 24 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 9 விழுக்காட்டினருக்கும் மணிக்கு 5 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சுத்தடைகள் இருப்பதைக் கண்டது. அதற்குமுன் பெண்களில் இந்த நோய் மிக அரிதென்றே கருதப்பட்டது. பெண்கள் பெரும்பாலும் குறட்டையைச் சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் வருவதில்லை. காலைத் தலைவலி, நித்திரையின்மை, சோர்வு, மனச்சோர்வு என்றே வருகிறார்கள். வலிமாத்திரையோடும் சத்து மாத்திரையோடும் திரும்பிச் செல்கிறார்கள். மாதவிடாய் நின்ற பின்னர் அவர்களுக்கு இந்நோயின் ஆபத்து கூடுகிறது. வாகனமும் கூட்டமும் திரைப்படமும் நிறைந்த வினாக்கொத்தில் ஒரு கல்முனை உம்மாவின் நாள் இடம்பெறுவதே இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் போனதா, ஓதிக்கொண்டிருந்த குர்ஆன் வரி தப்பியதா, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கண்ணயர்ந்ததா என்று கேட்டால்தான் அவருடைய பகல் தெரியவரும்.

இந்நோயின் இரவுச் சாட்சி அருகில் உறங்குபவரே. திருமணத்துக்குப் பின் மணமகன் பெண் வீட்டில் குடியேறும் வழக்கம் கிழக்குக் கரையில் வேரூன்றியது. ஆகவே கணவரின் குறட்டையை மனைவி மட்டுமன்றி அவரது பெற்றோரும் சகோதரிகளும் கேட்கிறார்கள். அதனால் உண்டாகும் கூச்சமும், கணவன் விறாந்தையில் பாய் விரித்துத் தனித்துப் படுக்கத் தொடங்குவதும் எந்தக் கிளினிக் கொப்பியிலும் எழுதப்படுவதில்லை. தாம்பத்திய நெருக்கம் பற்றிய வினா வீவரின் நீண்ட வடிவிலும் குறுகிய வடிவிலும் இருக்கிறது. அதைக் கூச்சத்துக்கு அஞ்சி நீக்கிவிட்டால் நோயின் ஒரு பெரும் பாதிப்பு அளவுக்கு வெளியே போய்விடும். நெரிசல் மிக்க வெளிநோயாளர் பிரிவில் உரத்துக் கேட்காமல், ஆணிடம் ஆணும் பெண்ணிடம் பெண்ணும் தனியறையில் கேட்பதே அதற்குரிய வழி. உறக்கத்தில் மூச்சு நின்றுபோவதைக் கண்டு பயந்து தட்டி எழுப்பியிருக்கிறாரா என்று மனைவியிடம் தனியே கேட்பதும் அதே அளவு அவசியம். அந்த ஒரு விடை நோயாளியின் பத்து விடைகளுக்கு நிகராகும்.

அலுப்பு எல்லாம் மூச்சுத்தடை ஆகாது

பகல் மயக்கத்துக்குப் பல வாயில்கள் உண்டு. யானைகளிடமிருந்து வயலைக் காக்க இரவு முழுவதும் காவலிருக்கும் விவசாயியும், இரவுக் கடலுக்குச் செல்லும் மீனவரும், கொழும்புக்கு இரவு பஸ் ஓட்டும் சாரதியும் போதிய நித்திரையின்றியே எப்வர்த் அளவுகோலில் உயர்ந்த புள்ளி பெறக்கூடும். ஒவ்வாமைக்கு வாங்கும் சில மாத்திரைகள், தைரொயிட் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் அதே படத்தைத் தருகின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை என்பதையும், போர்க்கால இழப்புகளையும் இங்கே மறந்துவிடக் கூடாது. கெட்ட கனவாலும் அச்சத்தாலும் கலையும் நித்திரை, மூச்சுத்தடையால் கலையும் நித்திரையோடு ஒரே உடலில் சேர்ந்திருப்பதும் உண்டு. எனவே எத்தனை மணிக்குப் படுக்கிறார், எத்தனை மணிக்கு எழும்புகிறார், எந்த மாத்திரைகள் குடிக்கிறார் என்ற குறிப்பு இல்லாத புள்ளி பாதிப் புள்ளியே.

நோன்பு மாதத்தின் கதை தனியானது. தராவீஹ் முடிந்து படுப்பதும், ஸஹர் உணவுக்கு எழும்புவதும், சுபஹுக்குப் பின் மறுபடி சாய்வதுமாக நித்திரை துண்டுபடும் அந்த மாதத்தில் நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கும் பகல் மயக்கம் கூடும். சிகிச்சைக்கு முந்திய அளவை அதற்கு முன்மாதமான ஷஃபானிலும் பிந்திய அளவை ரமழானிலும் எடுத்துவிட்டு மருத்துவம் பயன் தரவில்லை என்று முடிவு கட்டுவது பெரும் தவறாகும். பெரும்போக அறுவடைக் காலத்துக்கும் இதுவே பொருந்தும். மாதத்தையும் போகத்தையும் தாளின் தலைப்பிலேயே எழுதிவைக்க வேண்டும்.

சந்தேகத்தைச் சலித்தெடுக்கக் கனடாவில் பிரான்சிஸ் சுங் குழுவினர் 2008இல் வெளியிட்ட எட்டு வினாக்களின் பட்டியல் உதவும். குறட்டை, பகல் அலுப்பு, பிறர் கண்ட மூச்சுநிறுத்தம், உயர் அழுத்தம், உடல் நிறைச்சுட்டி 35க்கு மேல், வயது 50க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீற்றருக்கு மேல், ஆணாக இருத்தல் ஆகியவற்றில் மூன்றுக்கு ‘ஆம்’ வந்தால் மேலும் ஆராய வேண்டும். இதில் 35 என்ற நிறைச்சுட்டி எல்லை இந்த மண்ணுக்கு மிக உயர்ந்தது. ஆசிய மக்களுக்கு 23ஐயும் 27.5ஐயும் கவன எல்லைகளாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே கூறிவிட்டது. மெலிந்த தோற்றமும் சிறிய தாடையும் உடையவருக்கும் இந்த நோய் வரும் என்பதை உள்ளூர் மருத்துவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்று மாதத்தின் பின்

மூக்கில் முகமூடி பொருத்தி, இடைவிடாத காற்றழுத்தத்தால் தொண்டை வழியைத் திறந்தே வைத்திருக்கும் ‘சீபெப்’ இயந்திரத்தை அவுஸ்திரேலியாவின் கொலின் சலிவன் 1981இல் அறிமுகம் செய்தார். எடைக்குறைப்பு, பக்கவாட்டில் படுத்தல், தாடையை முன்னிழுக்கும் பற்கருவி ஆகியவையும் உதவுமாயினும், நடுத்தரமும் கடுமையுமான நிலைகளில் இன்றும் முதன்மைச் சிகிச்சை இதுவே. இச்சிகிச்சை என்ன தருகிறது என்பதில் 2016ஆம் ஆண்டு ஒரு திருப்பமாக அமைந்தது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 2,700க்கும் மேற்பட்ட இதய, மூளை இரத்தநாள நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ‘சேவ்’ பரிசோதனையில், சீபெப் இயந்திரம் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகக் காணப்படவில்லை. ஆனால் பகல் மயக்கம் குறைந்தது, மனநிலை உயர்ந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது. இயந்திரத்தை அவர்கள் அணிந்தது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே என்பதையும் சேர்த்தே இம்முடிவை வாசிக்க வேண்டும். எப்படி வாசித்தாலும், இச்சிகிச்சையின் உறுதியான பலன் பகலில்தான் தெரிகிறது. அந்தப் பகலை அளக்காத மருத்துவம் தான் செய்த நன்மையைத் தானே அறியாமல் போகிறது.

எத்தனை மணி நேரம் அணிந்தால் போதும் என்ற வினாவுக்கும் வீவர் 2007இல் விடை தேடினார். எப்வர்த் புள்ளி சீராக 4 மணி நேரமும், ஆய்வுகூடத்தில் அளக்கும் நித்திரை மயக்கம் சீராக 6 மணி நேரமும், அன்றாடச் செயலியக்கம் சீராக 7.5 மணி நேரமும் அணிய வேண்டியிருந்தது. கண்ணயர்வு நின்றுவிட்டது என்பதால் வாழ்க்கை மீண்டுவிட்டது என்று கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக் காலத்தைப் போல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்படும்போதும், நோன்பு மாதத்து இரண்டு துண்டு நித்திரையிலும் அந்த 7.5 மணி நேரம் எட்டாத தொலைவாகிவிடும். ஸஹருக்குப் பிந்திய நித்திரையிலும் லுஹர் தொழுகையை ஒட்டிய பகலுறக்கத்திலும் முகமூடியை அணியலாம், அணியவும் வேண்டும் என்பதை நோயாளிக்கு எடுத்துச் சொல்பவர் தேவை.

நித்திரையைப் பதியும் முழுமையான ஆய்வுகூட வசதிக்குப் பெருநகரங்களை நாட வேண்டியிருந்தாலும், பகலை அளப்பதற்குக் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த ஆதார வைத்தியசாலையிலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் மாதந்தோறும் கூடும் நீரிழிவு, அழுத்தக் கிளினிக்குகளே போதுமானவை. பிரஷர் பார்க்கும் தாதியே கழுத்தைச் சுற்றி அளவுநாடா வைக்கலாம். மருந்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வீவரின் பத்து வினாக்களுக்கும் எப்வர்த்தின் எட்டு வினாக்களுக்கும் புள்ளி இடலாம். சிகிச்சை தொடங்கி மூன்று மாதத்தின் பின் அதே தாளை மறுபடி நிரப்பி, எப்வர்த் புள்ளி இரண்டோ மூன்றோ குறைந்திருந்தால் நோயாளி உணரத்தக்க முன்னேற்றம் நிகழ்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மொழியறிஞரும் புள்ளியியல் ஆசிரியரும் கைகொடுத்தால், இக்கரையோரத்துத் தமிழில் முறையாகச் சோதிக்கப்பட்ட வினாக்கொத்தை உருவாக்குவது எட்டாத காரியமன்று.

சாரதிகளிடம் மட்டும் தாள் உண்மை பேசாது என்ற எச்சரிக்கை தேவைப்படுகிறது. சிகிச்சை பெறாத மூச்சுத்தடை நோயாளிகளுக்கு வீதி விபத்தின் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அனுமதிப்பத்திரம் பறிபோகும் என்று அஞ்சும் சாரதி எப்வர்த்தின் எட்டு வினாக்களுக்கும் பூச்சியம் இடுவார். அந்த அச்சம் நியாயமானது, அவரது வீட்டு அடுப்பு அந்தப் பத்திரத்தில் எரிகிறது. அத்தகையோருக்குப் பத்து நிமிடம் திரையைப் பார்த்து, ஒளி தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் விழிப்புச் சோதனை பொருத்தமானது. அரை விநாடிக்கு மேல் தாமதித்த தடவைகளை அது எண்ணிக் காட்டும். கூடவே, நோய் கண்டறியப்பட்டால் தொழில் முடிந்தது என்றில்லை, இயந்திரத்தை ஒழுங்காக அணிந்து மயக்கம் நீங்கியவர் மீண்டும் வாகனம் ஓட்டலாம் என்ற உறுதியை வைத்தியர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சீபெப் இயந்திரத்தின் விலை ஒரு கூலித் தொழிலாளியின் பல மாத வருமானத்தை விழுங்கக்கூடியது. பள்ளிவாசல்களை மையமாகக் கொண்டு இயங்கும் ஸகாத் நிதியங்கள் தையல் இயந்திரமும் முச்சக்கரவண்டியும் வாங்கித் தருவதுபோல், சில இயந்திரங்களை வாங்கி வைத்தியசாலைப் பரிந்துரையோடு இரவல் கொடுக்கும் ஏற்பாடு சாத்தியமானதே. அப்போது இயந்திரம் ஒன்றும் காத்திருப்போர் இருவருமாக நிற்கும் நாள் வரும்: மூச்சுத்தடைக் குறியீடு 38 இருந்தும் இதய நோயோ பகல் மயக்கமோ இல்லாத ஓய்வுபெற்ற ஒருவரும், குறியீடு 18 மட்டுமே இருந்து எப்வர்த் புள்ளி 17 பெற்ற கொழும்பு இரவு பஸ் சாரதியும். இரவின் எண்ணை மட்டும் கையில் வைத்திருக்கும் குழு முதலாமவருக்கே இயந்திரத்தைக் கொடுக்கும். பகலையும் அளந்து வைத்திருக்கும் குழு அதைச் சாரதியின் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மற்றவரின் இரத்த அழுத்தத்தை மாதந்தோறும் பார்த்துக்கொண்டு அடுத்த இயந்திரத்துக்கு நிதி திரட்டத் தொடங்கும்.